பீரோ கண்ணாடியில் ஒரு வட்டம்

ஏப்ரல் 20, ஞாயிறு

இந்த வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. மொத்தம் ஐந்து கண்ணாடிகள். ஐந்தும் அழுக்கு. என் வீட்டுக்காரர் ராஜாங்கத்துக்குத் திண்டுக்கல்லில் கண்ணாடிக் கடை. ஊரில் பாதி ஜன்னலுக்கு அவர்தான் கண்ணாடி அறுத்து மாட்டுகிறார். சொந்த வீட்டில் முகம் பார்த்தால் மூக்கு எது, வாய் எது என்று தெரியவில்லை. ஏன் இப்படி என்று கேட்டேன். "ம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் பேசிய இருபது வார்த்தையில் பதினெட்டு "ம்".

நான் மதுரையில் ஒரு லாட்ஜில் பதினாறு வருஷம் அறை சுத்தம் செய்தவள். கடைசி ஆறு வருஷம் சூப்பர்வைசர். என் பெயரைக் கேட்டாலே ரூம் பையன்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நாற்பது வயதில் கல்யாணம், அதுவும் இரண்டாந்தாரம். இந்த நோட்டும் லாட்ஜ் நோட்டுதான். தேதி போட்டு, செய்த வேலையை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மூத்த தாரம் தேன்மொழி இறந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். அவள் பெண் மோனிஷா பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. புதிதாக வந்த சோபாவைக்கூட உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த மரியாதையும் எனக்கு இல்லை.

அவள் தோழி வீட்டுக்குப் போன நேரத்தில் அவள் அறையிலிருந்து வேலையை ஆரம்பித்தேன். ஆளுயரக் கண்ணாடி வைத்த இரும்பு பீரோ. இடது ஓரத்தில் பத்து சின்ன ஸ்டிக்கர் பொட்டு. நடுவில் தனியாக ஒரு பெரிய மெரூன் பொட்டு, சரியாக என் வாய்க்கு நேராக, மேலே தூசி படிந்து. பொட்டை நெற்றியில் வைக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டி வைப்பது சோம்பேறித்தனம். ரூம் ரூமாக இதைச் சுரண்டியே என் நகம் தேய்ந்தது. பொட்டு மேல் தேங்காயெண்ணெய் தொட்டு வைத்துப் பத்து நிமிஷம் விட்டால் பசை இளகி, தானே கையோடு வந்துவிடும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கால் டம்ளர் வெள்ளை வினிகர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. மூன்றாவது சொட்டு விட்டால் கண்ணாடியில் கோடு கோடாக நிற்கும். துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். நேராகக் கண்ணாடியில் அடித்தால் தண்ணீர் விளிம்பில் இறங்கிப் பின்பக்கப் பூச்சைக் கறுக்கவைத்துவிடும்.

பதினோரு பொட்டையும் ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி வைத்தேன். விருந்தாளி விட்டுப் போனது ஊக்காக இருந்தாலும் மூன்று மாதம் எடுத்து வைக்க வேண்டும் என்பது லாட்ஜ் சட்டம். பழக்க தோஷம்.

சாயங்காலம் வந்தவள் பீரோ முன்னால் நின்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வரவில்லை. நன்றி சொல்வாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் இட்லித் தட்டு முன்னால் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்பா, என் ரூமுக்குள்ள வர வேணாம்னு சொல்லுங்க."

"யாருகிட்டம்மா?"

"வீட்டுல வேற யாரு புதுசா இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். "ம்" என்றார்.

ஏப்ரல் 24, வியாழன்

கூடத்துக் கண்ணாடியில் ஐந்து விரலும் பதிய ஒரு எண்ணெய்க் கை. தெரியாமல் பட்ட கை இல்லை. எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்து, உள்ளங்கை நிறைய ஊற்றி, அழுத்தி வைத்த கை. இது சண்டைக்கு அழைப்பு. எனக்கா புரியாது.

எண்ணெய்க்கு வினிகர் மட்டும் போதாது. மருந்துக் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கிவந்தேன். பாதி ஸ்பிரிட், பாதி தண்ணீர், ஒரு கரண்டி வினிகர். அடுப்பு எரியாத நேரத்தில் கலக்க வேண்டும். துடைத்துவிட்டுப் பழைய செய்தித்தாளைக் கசக்கித் தேய்த்தேன். வழவழப்பான வாரப் பத்திரிகைத் தாள் உதவாது, மை ஒட்டும்.

அரை மணி நேரத்தில் கண்ணாடி பளிச். அவள் பார்க்கும்படி அதன் முன்னால் நின்று கொண்டை போட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று முகப் பவுடர். வாஷ்பேசின் கண்ணாடி முழுக்க அப்பியிருந்தாள். ஈரத் துணியோடு நான் ஓடிவருவேன், அது மாவாகிப் பரவும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். பவுடரை முதலில் உலர்ந்த துணியால் தட்ட வேண்டும், பிறகுதான் ஈரம். பதினாறு வருஷம் சும்மாவா.

எனக்கு இந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை. எழுதியே வைக்கிறேன். நடை பிடிக்கவில்லை, தட்டைத் தள்ளிவிட்டு எழும் தோரணை பிடிக்கவில்லை. வெறும் நெற்றியோடு திரிகிறாள். பொட்டெல்லாம் கண்ணாடிக்குத்தான் போல, தன் முகத்துக்கு ஒன்றும் கிடையாது.

மே 1, வியாழன்

குளியலறைக் கண்ணாடியில் தண்ணீரை வாரி அடித்துக் காயவிட்டிருக்கிறாள். இந்த ஊர் போர் தண்ணீர் உப்பு. வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. பக்கத்து வீட்டு குருவம்மாக்கா எட்டிப் பார்த்து, "பல்லு வெளக்குற பேஸ்ட்டப் போட்டுத் தேய்யி ஜெயக்கொடி" என்றார். பேஸ்ட் போட்டால் கண்ணாடி கீறிப்போகும். இந்தத் தெருவில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, யோசனை சொல்வதில் மட்டும் குறைச்சல் இல்லை.

உப்புக்கறைக்கு வினிகரில் தண்ணீரே கலக்கக் கூடாது. துணியை நனைத்துக் கறை மேல் பத்து நிமிஷம் ஒற்றி வைத்தேன். வினிகர் இல்லாத வீட்டில் பிழிந்த எலுமிச்சைத் தோலால் தேய்க்கலாம். பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுத்தான் இதைச் செய்தேன். இரண்டும் கலந்தால் வரும் புகை நெஞ்சை அடைத்துவிடும்.

அவரிடம் முறையிட்டேன். "உங்க மக என்னைய வேலைக்காரியாக்குறா, பாத்துக்கிட்டே இருக்கீங்க."

"சின்னப் பிள்ளை."

இரண்டு வார்த்தை. பெரிய முன்னேற்றம்.

மே 3, சனி

ஐந்து கண்ணாடியும் சுத்தம். மதியம் வரை.

மே 7, புதன்

எதிரிக்குச் சளி. இரண்டு நாளாகத் தும்மல், மூக்கடைப்பு, கண் இரண்டும் சிவப்பு. அப்பாவும் மகளும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். நான் நொச்சி இலை பறித்து வந்து கொதிக்கவைத்து, பாத்திரத்தை அவள் அறை வாசலில் வைத்தேன். "வேணாம்னா கொட்டிரு" என்று கதவைப் பார்த்துச் சொன்னேன். யாருக்கும் இரங்கி வைக்கவில்லை. வீடு முழுக்கத் தும்மினால் கண்ணாடிகளை யார் துடைப்பது?

அரை மணி கழித்துப் பாத்திரத்தை எடுக்கப் போனேன். அறை முழுக்க ஆவி. பீரோ கண்ணாடி வெள்ளையாகப் பனித்திருந்தது. அதன் நடுவில் ஒரு வட்டம் மட்டும் பனி பிடிக்காமல் தெளிவாக நின்றது. அந்த மெரூன் பொட்டு இருந்த இடம்.

எனக்கு மானம் போனது. பசை முழுசாகப் போகவில்லை என்று அர்த்தம். சூப்பர்வைசராக இருந்தபோது இப்படி ஒரு வட்டத்தைக் கண்டிருந்தால், துடைத்தவளை அங்கேயே நிற்கவைத்துத் திட்டியிருப்பேன். முந்தானையை எடுத்துக்கொண்டு போனேன்.

"தொடாதீங்க."

போர்வைக்குள்ளிருந்து வந்தது குரல். தொண்டை கட்டிய குரல். பத்தொன்பது நாளில் அவள் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. கை அப்படியே நின்றுவிட்டது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திமிரைப் பார். அவள் அறைக் கண்ணாடியை நான் தொட்டால் தேய்ந்துவிடுமாம்.

மே 10, சனி

அவள் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போன நேரத்தில் ஸ்பிரிட் கலவையால் துடைத்தேன். வாயால் ஊதிப் பார்த்தேன். வட்டம் இருக்கிறது.

மே 13, செவ்வாய்

சுடு வினிகர். ஊதினேன். இருக்கிறது. வெறுமனே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஊதினால்தான் தெரிகிறது. யார் ஊதிப் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடலாம். ஆனால் எனக்குத் தெரியுமே.

மே 16, வெள்ளி

ரிசல்ட். ஐந்நூறுக்கு நானூற்று முப்பத்தொன்று. அவள் அப்பாவிடம் சொன்னாள். குருவம்மாக்காவிடம் சொன்னாள். தபால்காரரிடம்கூடச் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் போன் கூடத்து மேஜையில் கிடந்தது.

இன்று எந்தக் கண்ணாடியிலும் அழுக்கு இல்லை. மறந்துவிட்டாளோ என்னவோ.

மே 19, திங்கள்

தேனியிலிருந்து அவளுடைய அம்மாச்சி போன் செய்திருக்கிறார். தேன்மொழியின் அம்மா. பதினொன்றாம் வகுப்பை அங்கே படிக்கட்டும், பேத்தியை நான் வைத்துக்கொள்கிறேன் என்றாராம். என் வீட்டுக்காரர் சாப்பிட்டபடி இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றார். பேசிக்கொள்ளாத இரண்டு பேரும் பேசி முடிவெடுக்க வேண்டுமாம். இப்படிப்பட்ட யோசனைக்குத்தான் அந்த "ம்" எல்லாம் சேர்த்து வைத்திருந்தார் போல.

அவள் அங்கேயே முடிவைச் சொல்லிவிட்டாள். "நான் போறேன்ப்பா. டிசி வாங்கிக் குடுங்க." இருபத்தெட்டாம் தேதி பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள்.

போகட்டும். எனக்கு என்ன. கண்ணாடிகள் சுத்தமாக இருக்கும். மூன்று பேருக்கு உலை வைக்கும் இடத்தில் இரண்டு பேருக்கு வைத்தால் போதும். அவர் கடைக்குப் போனால் ராத்திரி வரை வீட்டில் சத்தமே இருக்காது.

மதியம் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன்.

மே 21, புதன்

இன்று ஒரு கூத்து. பீரோக் கதவிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தேனிக்குக் கட்டிக்கொடுக்கச் சொல்கிறாள்.

"கழட்டுனா ஒடையும்மா. பசை வச்சு ஒட்டுனது."

"நீங்கதானப்பா கண்ணாடிக் கடை வச்சிருக்கீங்க."

"அதனாலதான் சொல்றேன். ஒடையும்."

"அப்ப பீரோவோட ஏத்தி விடுங்க."

"அம்மாச்சி வீட்டு மச்சுப்படியில அது ஏறாதும்மா. வேற புதுசு தர்றேன். பெல்ஜியம் கண்ணாடி இருக்கு."

"புதுசு யாரு கேட்டா?"

கதவு சாத்தப்பட்டது. அவர் வெகுநேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடையில் நுழையவில்லை. ஊரில் இல்லாத அழகு ராணி, முகம் பார்க்க இந்தக் கண்ணாடிதான் வேண்டுமாம்.

மே 23, வெள்ளி

கடைசிக் கலவையைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், கால் டம்ளர் ஸ்பிரிட், கால் டம்ளர் வினிகர், ஒரு கரண்டி சோளமாவு. நன்றாகக் குலுக்கித் துடைத்து, காய்ந்தபிறகு தாளால் தேய்க்க வேண்டும். மாவு, கண்ணாடியைக் கீறாமல் பசையை உரித்து எடுத்துவிடும். என் டிரங்குப் பெட்டியின் மூடியில் ஒரு கைக்கண்ணாடி உண்டு. அதில் வேண்டுமென்றே ஒரு பொட்டை இரண்டு நாள் ஒட்டிவைத்து, எடுத்து, துடைத்துப் பார்த்தேன். ஊதினேன். வட்டம் இல்லை. அவள் போவதற்கு முன்னால் என் வேலையை நான் முடித்தாக வேண்டும்.

அவள் வகுப்புக்குப் போய்விட்டாள் என்று நினைத்து, பாட்டிலும் துணியுமாகக் கதவைத் தள்ளினேன்.

போகவில்லை. பீரோ முன்னால், எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கண்ணாடியில் ஊதினாள். வட்டம் வந்தது. மெல்லக் குதிகாலைத் தூக்கி, அந்த வட்டம் தன் நெற்றி நடுவில் வரும்வரை எக்கினாள். கண்ணாடியில் அவள் முகம், நெற்றியில் அந்த வட்டம். பனி கலையும்வரை அப்படியே நின்றாள். மறுபடி ஊதினாள்.

அப்போதுதான் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"தொடச்சிருங்க. அதுக்குத்தான வந்தீங்க?"

பாட்டிலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"எங்கம்மா வச்சிருந்த பொட்டு அது. ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறப்ப எடுத்து ஒட்டுனாங்க. வந்து வச்சுக்கிறேன்னாங்க."

"நீ ஒட்டுனதுன்னு நெனச்சேன்."

"நான் ஸ்டிக்கர் பொட்டு வச்சு என்னைக்காவது பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. ஒரு மாதமாக அந்த வெறும் நெற்றியை முறைத்துக்கொண்டே இருந்தவள் நான். தூசி எங்கே இருக்கிறது என்று தெரியும், கறை எங்கே இருக்கிறது என்று தெரியும். இது தெரியவில்லை.

"சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டீங்களா? எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டீங்களா?" அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ரெண்டு விரக்கடைதான் பாக்கி இருந்துச்சு. நான் வளந்தா, அது நேரா என் நெத்திக்கு வரும். எக்காம."

நான் வெளியே வந்து, பாட்டிலை அடுக்களை அங்கணத்தில் கவிழ்த்தேன்.

அவர் சாப்பிட வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அது அவ அம்மா பொட்டுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"ஒரு மாசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"எடுத்துட்டியே. எடுத்த பெறகு சொல்லி என்ன ஆகப்போவுது? ஒனக்கும் சங்கடம்."

நல்ல மனிதர்தான். இப்படிப்பட்ட நல்லவர்கள் வீட்டில்தான் ஆளை ஆள் கடித்துக் குதறிக்கொள்கிறார்கள். அதையும் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

மே 24, சனி

கவர் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. மேலே என் கையெழுத்து: பீரோ கண்ணாடி, பொட்டு 11, ஏப்ரல் 20. அவள் கட்டில் மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "லாட்ஜ் பழக்கம். எதையும் தூக்கிப் போட மாட்டேன்."

அவள் கவரைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். "வெளிய போங்க" என்றாள்.

போனேன். கொஞ்ச நேரத்தில் அடுக்களைக்கு வந்து, சோற்றுப் பானையைத் திறந்து, விரலால் ஒரே ஒரு பருக்கையை எடுத்துக்கொண்டு போனாள். எண்ணெய் வைத்து எடுத்த பொட்டில் பசை ஏது. சோற்றுப் பருக்கைதான் ஒட்டும். இந்த யோசனை எனக்கு வரவில்லை.

மே 28, புதன்

டிசி வாங்கும் நாள். காலை ஒன்பதரைக்கு அவர் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். நான் தேனிக்கு வழியில் சாப்பிடப் புளிசாதம் கட்டும் நாள் எது என்று யோசித்தபடி, தேவையே இல்லாமல் கூடத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான்கு நாளாக அதில் ஒரு விரல் ரேகை கூட இல்லை.

மோனிஷா வந்து எனக்குப் பின்னால் நின்றாள். கண்ணாடிக்குள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நான் போகல."

துணியை மடித்துக்கொண்டேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

"ஒங்களுக்காக இல்ல. அப்பாவுக்காகவும் இல்ல. அந்தக் கண்ணாடிய ஒங்ககிட்ட விட்டுட்டு என்னால போக முடியாது. நான் அந்தப் பக்கம் போன மறுநாளே வினிகரத் தூக்கிட்டு வருவீங்க."

"வர மாட்டேன்."

"நம்ப மாட்டேன்."

"நம்பாத."

"வளர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன். அந்தப் பொட்டு என் நெத்திக்கு வந்த அன்னைக்குக் கெளம்பிருவேன்."

"சரி. இட்லி ஆறுது."

"தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஐந்து இட்லி. வாசலில் நின்றவரிடம் நான்தான் போய், வண்டியை உள்ளே தள்ளுங்கள் என்றேன். அவர் "ம்" என்றார். அந்த ஒரு "ம்" மட்டும் வேறு மாதிரி இருந்தது.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. பழைய பள்ளிக்கூடம், பதினொன்றாம் வகுப்பு. யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்க அளவு எடுத்தேன். நெருப்பில் நிற்பவள் போல நின்றாள். தோளில் என் கை பட்டதும் நகர்ந்துகொண்டாள். போகும்போது வாஷ்பேசின் கண்ணாடியில் எண்ணெய்க் கையை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பெரிய கை. ஐந்து விரலும் நன்றாகப் பதிந்திருக்கின்றன. ஸ்பிரிட் கலவை இன்று புதிதாகக் கலந்தேன்.

பீரோ கண்ணாடி என் கணக்கில் இனி இல்லை. சோற்றுப் பசையில் ஈரம் பட்டால் பொட்டு விழுந்துவிடும். அவள் இல்லாதபோது உலர்ந்த தாளால் ஓரத்தை மட்டும் தட்டிவிட்டு வந்துவிடுகிறேன். நடுவில் தூசி படிகிறது. படியட்டும்.

அளவு எடுத்தபோது உயரத்தையும் எடுத்தேன். இன்னும் அதே இரண்டு விரற்கடை பாக்கி. வருகிற ஆவணியில் அவளுக்குப் பதினாறு முடிகிறது. லாட்ஜில் எங்களுக்கு யூனிஃபார்ம் தைத்த டெய்லர் ஒன்று சொல்வார். பதினாறு தாண்டிய பெண்ணுக்கு அகலத்தில் துணி விட்டுத் தை, நீளத்தில் விடாதே, அது வீண் என்பார். எத்தனையோ பெண்களை அளந்தவர் அவர்.

அதை அவளிடம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.